அதிகம் பணம் போட்டவர் கடைசியில் தொடங்கினார்: இ.யூ.வி. இயந்திரக் கொள்முதல், ஒரு நிகழ்வு ஆய்வு

சிப் ஆலைகளுக்கு இயந்திரம் செய்யும் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனத்தின் இ.யூ.வி. (அதி புறஊதா ஒளி) இயந்திரத்தை உருவாக்க 2012-ல் சிப் தயாரிக்கும் மூன்று வாடிக்கையாளர்கள் பணம் போட்டார்கள். அதிகம் போட்டது இன்டெல். அந்த இயந்திரத்தைக் கொண்டு பெருமளவு உற்பத்தியைக் கடைசியாகத் தொடங்கியதும் இன்டெல்தான். சாம்சங் 2018 அக்டோபரிலும் தைவானின் டி.எஸ்.எம்.சி. 2019-லும் தொடங்கிவிட்டன. இன்டெல் தன் அயர்லாந்து ஆலையில் தொடங்கியது 2023 செப்டம்பரில். மூலதன இயந்திரம் வாங்கும் வேலையில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய நிகழ்வு இது. ஒரே சப்ளையர், நூறு மில்லியன் யூரோவைத் தாண்டும் விலை, நீண்ட காத்திருப்பு, அந்த சப்ளையருக்கே மாற்று இல்லாத துணை சப்ளையர்கள் என்று பெரிய கொள்முதலில் வரக்கூடிய சிக்கல்கள் எல்லாம் இதில் ஒருசேர வந்திருக்கின்றன.

சிப் ஆலையில் சிலிக்கான் வேஃபரின் (சிப்கள் உருவாகும் வட்டத் தட்டின்) மேல் சுற்றுகளின் வடிவத்தை ஒளியால் பதிக்கும் இயந்திரம் லித்தோகிராஃபி ஸ்கேனர். முந்தைய தலைமுறை 193 நானோமீட்டர் அலைநீள ஒளியில் இயங்கியது. இ.யூ.வி. 13.5 நானோமீட்டருக்கு இறங்கியது. நிக்கான், கேனான் இரண்டும் இந்த வகை ஸ்கேனரைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே வாங்குபவருக்கு ஏ.எஸ்.எம்.எல்.-ஐ விட்டால் வேறு கதி கிடையாது. டெண்டர் விடுவது, மூன்று கொட்டேஷன் வாங்குவது, ஒப்பீட்டு அட்டவணை போடுவது எதற்கும் இங்கே பொருளில்லை. பேரம் பேசும் பலம் வேறு இடத்திலிருந்து வந்தாக வேண்டும்.

பணம் எங்கே போனது

2012 ஜூலை 9 அன்று ஏ.எஸ்.எம்.எல். வாடிக்கையாளர் கூட்டு முதலீட்டுத் திட்டத்தை அறிவித்தது. இன்டெல் 15 சதவீதப் பங்குகளைச் சுமார் 2.5 பில்லியன் யூரோவுக்கு எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கு 829 மில்லியன் யூரோ தருவதாக ஒப்புக்கொண்டது. டி.எஸ்.எம்.சி. 5 சதவீதத்துக்கு 838 மில்லியனும் ஆராய்ச்சிக்கு 276 மில்லியனும், சாம்சங் 3 சதவீதத்துக்கு 503 மில்லியனும் ஆராய்ச்சிக்கு 276 மில்லியனும் என்று ஆகஸ்டில் சேர்ந்தன. மொத்தத்தில் 23 சதவீதப் பங்குக்கு 3.85 பில்லியன், ஐந்தாண்டு ஆராய்ச்சிக்கு 1.38 பில்லியன்.

செய்திகளில் இந்த இரண்டு தொகையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லப்பட்டது. கொள்முதல் கண்ணோடு பார்ப்பவர் அவற்றைப் பிரித்தாக வேண்டும். பங்குகளுக்கு வந்த 3.85 பில்லியன் ஏ.எஸ்.எம்.எல்.-இன் ஆய்வகத்துக்குப் போகவில்லை. பங்குகளைத் திரும்பப் பெறுவதற்கு நிகரான ஓர் ஏற்பாட்டின் வழியே பழைய பங்குதாரர்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. இயந்திரத்தை வேகப்படுத்தியது 1.38 பில்லியன்தான். பங்குகளுக்கும் அசாதாரண சூழ்நிலை தவிர வாக்குரிமை கிடையாது. ஆராய்ச்சியின் பலன் எந்தத் தடையும் இல்லாமல் எல்லா வாடிக்கையாளருக்கும் கிடைக்கும் என்று ஏ.எஸ்.எம்.எல். ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் மூவரும் வாங்கியது என்ன? இயந்திரம் வந்து சேரும் என்ற நம்பகத்தன்மையை. அதுவும் மதிப்புள்ளதுதான். ஆனால் வரிசையில் முன்னிடம், போட்டியாளருக்கு முன் டெலிவரி, விலைச் சலுகை ஆகியவை அந்தப் பணத்தோடு தாமாக வருவதில்லை. சப்ளையருக்கு அட்வான்ஸோ வளர்ச்சி நிதியோ கொடுக்கும்போது ஒவ்வொரு ரூபாய்க்கும் எதிரே கிடைக்கும் உரிமை இன்னதென்று எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாத உரிமை ஐந்தாண்டு கழித்து யார் நினைவிலும் இருக்காது.

இன்டெலின் 829 மில்லியனில் 553 மில்லியன், 450 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய வேஃபருக்கான தொழில்நுட்பத்துக்கு ஒதுக்கப்பட்டது. இ.யூ.வி.-க்கு ஒதுங்கியது 276 மில்லியன். அதாவது இந்த இயந்திரத்துக்கென்று இன்டெல் ஒப்புக்கொண்ட ஆராய்ச்சித் தொகையும் மற்ற இருவரின் தொகையும் ஒன்றே. 450 மில்லிமீட்டர் வேலையை ஏ.எஸ்.எம்.எல். 2013 இறுதியில் நிறுத்திவைத்தது. ஒரே சப்ளையரிடம் இரண்டு வளர்ச்சித் திட்டங்களை ஒரே ஒப்பந்தத்தில் கட்டினால், ஒன்று நின்றுபோகும்போது அதன் தொகை மற்றதற்கு நகருமா, ரத்தாகுமா என்ற விதியையும் அதே நாளில் எழுதிவிடுவது நல்லது.

பங்கு விலையில் கிடைத்த லாபத்தைக் காட்டி இந்த ஒப்பந்தத்தைப் புகழ்பவர்கள் உண்டு. 39.91 யூரோவுக்கு வாங்கிய பங்கு 2021-ல் 600 யூரோவைத் தாண்டியது; டி.எஸ்.எம்.சி. அதற்கு வெகு முன்பே, 2015-லேயே, விற்றுவிட்டு வெளியேறியது. அது நிதித்துறையின் கணக்கு. ஆலையில் வேஃபர் ஓடியதா என்பதே கொள்முதலின் கணக்கு.

தடை இருந்தது இரண்டாம் அடுக்கில்

இயந்திரம் தாமதமானதற்கு முதல் காரணம் ஒளிமூலம். அதைச் செய்தது ஏ.எஸ்.எம்.எல். இல்லை; அமெரிக்காவின் சான் டியாகோவிலிருந்த சைமர். உருகிய வெள்ளீயத் துளிகள் ஒரு நொடிக்கு 50,000 என்ற கணக்கில் வெற்றிடக் கலத்துக்குள் பாய்கின்றன. ஒவ்வொரு துளியையும் கார்பன் டை ஆக்சைடு லேசர் இரண்டு முறை தாக்குகிறது. முதல் அடி துளியைத் தட்டையாக்கும். இரண்டாவது அடி அதை பிளாஸ்மாவாக்கும். அந்த பிளாஸ்மா உமிழும் 13.5 நானோமீட்டர் ஒளியை ஒரு பெரிய சேகரிப்புக் கண்ணாடி திரட்டி ஸ்கேனருக்குள் அனுப்புகிறது.

இந்த ஒளி எல்லாப் பொருளிலும் உறிஞ்சப்படும், காற்றிலும்கூட. லென்ஸ் வைக்க முடியாது, கண்ணாடிகள் மட்டுமே. மாலிப்டினமும் சிலிக்கானும் மாறிமாறி அடுக்கிய கண்ணாடி ஒன்று அதிகபட்சம் 70 சதவீத ஒளியையே திருப்பும். பதினொரு பிரதிபலிப்பு என்று கணக்கிட்டால் வேஃபருக்குப் போய்ச் சேருவது சுமார் 2 சதவீதம். அதனால்தான் ஒளிமூலத்தின் திறனை வாட் கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மணிக்கு 125 வேஃபர் ஓட 250 வாட் வேண்டும். ஆரம்ப இயந்திரங்களில் கிடைத்தது அதில் மிகச் சிறிய பங்கு. சைமர் சொன்ன இலக்குத் தேதிகள் தள்ளிக்கொண்டே போயின.

2012 அக்டோபரில் ஏ.எஸ்.எம்.எல். சைமரை வாங்க முடிவெடுத்து, 1.95 பில்லியன் யூரோ மதிப்பிலான அந்த ஒப்பந்தத்தை 2013 மே 30 அன்று முடித்தது. சப்ளையர் தவறும்போது அபராதம் போடுவது ஒரு வழி. அந்த சப்ளையரின் பொறியியல் வேலையையே தன் கூரைக்குள் கொண்டுவருவது இன்னொரு வழி. மாற்று சப்ளையர் இல்லாத இடத்தில் இரண்டாவதே பயன் தரும் என்பது என் கருத்து. அப்படி வாங்கிய பிறகும் 250 வாட்டைக் காட்ட 2017 வரை ஆனது. கம்பெனியை வாங்கினாலும் இயற்பியல் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பதைத் திட்ட அட்டவணை போடுபவர்கள் மறக்கக் கூடாது.

சைமரைப் போல மாற்று இல்லாத துணை சப்ளையர்கள் இன்னும் இருவர். ஜெர்மனியின் ட்ரம்ப்ஃப் நிறுவனம் செய்யும் லேசர் பெருக்கியில் மட்டும் 457,329 பாகங்கள், எடை சுமார் 17 டன். கண்ணாடிகளைச் செய்வது ஓபர்கோகென் நகரின் ஸைஸ் எஸ்.எம்.டி. அந்தக் கண்ணாடியை ஜெர்மனி அளவுக்குப் பெரிதாக்கினால், அதன் மிகப் பெரிய மேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அவ்வளவு துல்லியமாகத் தேய்த்து, அளந்து, மறுபடி தேய்க்கும் வேலையில் ஆள் கூட்டினால் வேகம் கூடிவிடாது. அளவுக் கருவியும் தூய்மை அறையும் கூட வேண்டும், அதற்கு ஆண்டுகள் ஆகும்.

2016 நவம்பரில் ஏ.எஸ்.எம்.எல். ஸைஸ் எஸ்.எம்.டி.-இல் 24.9 சதவீதத்தை ஒரு பில்லியன் யூரோவுக்கு வாங்கியது. அதோடு ஆறு ஆண்டுகளுக்கு ஆராய்ச்சிக்காகச் சுமார் 220 மில்லியன், கட்டடம், கருவி மற்றும் சப்ளை சங்கிலிக்காகச் சுமார் 540 மில்லியன் தருவதாகவும் ஒப்புக்கொண்டது. 2012-ல் தன் வாடிக்கையாளர்கள் தனக்குச் செய்ததை ஏ.எஸ்.எம்.எல். தன் சப்ளையருக்குச் செய்தது. ஒரு வித்தியாசம் உண்டு: 540 மில்லியன் எதற்கு என்று இந்த முறை குறிப்பாகச் சொல்லப்பட்டது. அடுத்த தலைமுறைக் கண்ணாடி, அதற்கான ஆலைத் திறன். கொடுக்கும் பணம் எந்தச் சுவருக்கும் எந்தக் கருவிக்கும் போகிறது என்று கைகாட்டிச் சொல்ல முடிகிற ஒப்பந்தம் இது. இரண்டில் இதையே நான் முன்மாதிரியாக எடுப்பேன்.

பெரிய இயந்திரம் வாங்கும்போது சப்ளையரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதிலிருந்து வருகிறது. உங்கள் இயந்திரத்தில் ஒரே இடத்திலிருந்து வரும் பாகங்கள் எவை, ஒவ்வொன்றும் வர எத்தனை வாரம், உங்கள் கிடங்கில் எத்தனை இருப்பு? பதில் சொல்லத் தயங்கும் சப்ளையரின் டெலிவரித் தேதி வெறும் ஆசைதான்.

மணிக்கு எத்தனை, நாளுக்கு எத்தனை

வாங்குபவர்கள் அதிகம் ஏமாறும் இடம் விவரக்குறிப்புத் தாள். ஏ.எஸ்.எம்.எல்.-இன் என்எக்ஸ்இ 3400பி என்ற இ.யூ.வி. மாடலுக்கு மணிக்கு 125 வேஃபர் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: ஒளி டோஸ், அதாவது வேஃபரில் விழும் ஒளியின் அளவு, சதுர சென்டிமீட்டருக்கு 20 மில்லிஜூல். வேஃபரில் பூசும் ஒளியுணர் பூச்சு அவ்வளவு குறைந்த ஒளியிலேயே வேலை செய்தால்தான் அந்த 125. நடைமுறையில் கோடுகளின் ஓரம் கரடுமுரடாகாமல் இருக்கவும், சில துளைகள் திறக்காமல் போகாமல் இருக்கவும் 30, 40, சில அடுக்குகளில் அதற்கும் மேல் டோஸ் தேவைப்பட்டது. டோஸ் கூடினால் ஒவ்வொரு புலத்திலும் (ஒரே வீச்சில் பதிக்கும் பரப்பிலும்) ஸ்கேன் மெதுவாகும். வேஃபரை மாற்றும் நேரம் அப்படியே இருப்பதால் வேகம் நேர் விகிதத்தில் சரியாது. ஆனாலும் கணிசமாகச் சரியும். பின்னர் வந்த 3600டி-க்கு மணிக்கு 160 வேஃபர் என்று 30 மில்லிஜூலில் எழுதினார்கள். அளவுகோலே மாறியிருக்கிறது. டோஸைப் பார்க்காமல் 125-ஐயும் 160-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டவர் தவறான முதலீட்டுக் கணக்குப் போட்டிருப்பார்.

அடுத்தது மணிக்கும் நாளுக்கும் உள்ள தூரம். மணிக்கு 125 என்றால் நாளுக்கு 3,000. 2014 ஜூலையில் அமெரிக்காவின் அல்பானியில் ஐ.பி.எம். பயன்படுத்திய, முந்தைய மாடலான 3300பி இயந்திரத்தில் 24 மணி நேரத்தில் 637 வேஃபர் ஓடியது பெரிய செய்தியானது. 2015 பிப்ரவரியில் டி.எஸ்.எம்.சி. ஒரே நாளில் 1,022 ஓட்டியதை ஏ.எஸ்.எம்.எல். அறிவித்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் நாள் கணக்குக்கு மாறியதற்குக் காரணம் இயந்திரம் நின்ற நேரம். வெள்ளீயத் துகள் சேகரிப்புக் கண்ணாடியில் படியும், பிரதிபலிப்பு குறையும், கண்ணாடியை மாற்ற வேண்டிவரும். துளி உருவாக்கியின் முனை அடைக்கும். ஒவ்வொரு முறையும் கலத்தைத் திறந்து, மூடி, வெற்றிடம் ஏற்றி, லேசரைத் துளியோடு நேர்ப்படுத்த வேண்டும்.

ஆகவே ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது, ஒப்புக்கொண்ட டோஸில், தொடர்ச்சியாகச் சில வாரங்களுக்கு, நாளொன்றுக்கு எத்தனை நல்ல வேஃபர் என்பது. இயந்திரம் கிடைக்கும் நேரத்தை எப்படி அளப்பது என்பதற்கு செமி என்ற துறை அமைப்பின் இ10 தரநிலை இருக்கிறது. அது நேரத்தை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது: உற்பத்தி, காத்திருப்பு, பொறியியல் சோதனை, திட்டமிட்ட நிறுத்தம், திட்டமிடாத நிறுத்தம், பணி அட்டவணைக்கு வெளியே. தகராறு வருவது இவற்றின் எல்லைகளில். இன்ஜினியர் வந்து ஒரு மென்பொருளை ஏற்றிச் சோதித்த நாலு மணி நேரம் பொறியியல் நேரமா, நிறுத்தமா? சப்ளையருக்கு ஒரு விடை, ஆலைக்கு வேறு விடை. கையெழுத்திடும் முன் இப்படிப்பட்ட இருபது சூழ்நிலைகளை எழுதி, ஒவ்வொன்றும் எந்த நிலையில் சேரும் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் பின்னால் மாதாந்தரக் கூட்டங்களில் பாதிச் சண்டை இருக்காது.

அபராதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம், உச்சம் ஐந்து சதவீதம் என்பது பொதுவாக எழுதப்படும் வகை. 150 மில்லியன் யூரோ இயந்திரத்தில் உச்ச அபராதம் 7.5 மில்லியன். ஒரு செயல்முறைத் தலைமுறை (சிப் செய்யும் முறையின் ஒரு தலைமுறை) முழுவதும் தள்ளிப்போகும் இழப்புக்கு அது ஈடாகாது. ஒரே சப்ளையர் என்ற நிலையில் அபராதத்துக்காக மல்லுக்கட்டுவதைவிட வேறு சிலவற்றுக்காகப் பேசுவது மேல்: உற்பத்தி வரிசையில் உறுதியான இடம், ஆலைக்குள்ளேயே தங்கும் சர்வீஸ் இன்ஜினியர்கள், பக்கத்தில் ஸ்பேர் கிடங்கு, துணை சப்ளையரின் ஆலைக்கு நேரில் போய்ப் பார்க்கும் உரிமை, பழைய இயந்திரத்தைப் புதிய நிலைக்கு உயர்த்தும் கிட்டுக்கு இன்றே நிர்ணயித்த விலை. பணம் கொடுப்பதிலும் கடைசித் தவணை கையில் இருக்க வேண்டும். ஆர்டரோடு அட்வான்ஸ், சப்ளையர் ஆலைச் சோதனை முடிந்து அனுப்பும்போது பெரும்பகுதி, தன் இடத்தில் நிறுவிச் சோதித்து ஏற்ற பிறகே மீதி. அட்வான்ஸுக்கு எதிரே பேங்க் கேரண்டி வாங்காமல் விடக் கூடாது.

இயந்திரம் வரும் முன்

ஒரு இ.யூ.வி. இயந்திரத்தின் எடை சுமார் 180 டன். லேசர் தூய்மை அறையின் கீழ்த்தளத்தில் நிற்கும், ஸ்கேனர் மேல்தளத்தில். ஒளிக்கற்றை தளத்தைத் துளைத்து மேலே வருகிறது. மின்சாரத் தேவை ஒரு மெகாவாட் அளவு. ஒளிமூலக் கலத்தில் வெள்ளீயத் துகளை விரட்ட ஹைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு வழங்கு குழாயும், வெளிவரும் வாயுவைப் பாதுகாப்பாக அழிக்கும் அமைப்பும், கசிவு உணரிகளும் வேண்டும். குளிர்நீர், அதிர்வில்லாத தளம், மேலே கிரேன் எல்லாம் கட்டடம் வரையும்போதே இடம்பெற வேண்டியவை. கட்டி முடித்த ஆலையில் இதை நுழைப்பது மிகச் சிரமம்.

இயந்திரத்தோடு தீருகிற விஷயமும் இல்லை. முகமூடி (மாஸ்க்) என்பது வேஃபரில் பதிக்க வேண்டிய சுற்றின் வடிவத்தைத் தாங்கும் தகடு. அதற்கான வெற்றுத் தகட்டைச் செய்பவர்கள் உலகில் சிலர்தான். ஜப்பானின் ஹோயாவும் ஏ.ஜி.சி.-யும் முக்கியமானவர்கள். முகமூடியின் மேல் தூசி விழாமல் காக்கும் மெல்லிய படலம் நெடுநாள் தயாராகவில்லை. அதே 13.5 நானோமீட்டர் ஒளியில் முகமூடியின் வடிவத்தைச் சோதிக்கும் கருவியை ஜப்பானின் லேசர்டெக் நிறுவனம் 2019-ல்தான் கொண்டுவந்தது. இவை எதுவும் ஏ.எஸ்.எம்.எல்.-இன் விலைப்பட்டியலில் இல்லை. முதன்மை இயந்திரத்துக்கு ஒரு கொள்முதல் அட்டவணை, துணைப் பொருள்களுக்கு இன்னொன்று என்று இரண்டு குழுக்கள் தனித்தனியே ஓட்டினால், கடைசியில் இயந்திரம் வந்து நிற்கும், ஓட்ட ஒன்றும் இருக்காது.

இன்டெல் ஏன் பின்தங்கியது

2015 ஏப்ரலில் ஓர் அமெரிக்க வாடிக்கையாளர் குறைந்தது 15 இ.யூ.வி. இயந்திரங்கள் வாங்க ஒப்பந்தம் செய்திருப்பதாக ஏ.எஸ்.எம்.எல். பெயர் சொல்லாமல் அறிவித்தது. அது இன்டெல் என்றே துறையில் பரவலாக எண்ணினார்கள். பணமும் ஆர்டரும் குறைவில்லை. ஆனால் இன்டெல் தன் 10 நானோமீட்டர் செயல்முறையை (இங்கே 10, 7, 5 என்பவை சிப் தலைமுறைகளின் பெயர்கள், ஒளியின் அலைநீளம் இல்லை) இ.யூ.வி. இல்லாமல், பழைய 193 நானோமீட்டர் ஒளியில் ஒரே அடுக்கைப் பலமுறை பதிக்கும் வழியில் வடிவமைத்தது. அந்தச் செயல்முறை ஆண்டுக்கணக்கில் தாமதமானது. டி.எஸ்.எம்.சி.-யும் முதல் 7 நானோமீட்டரை இ.யூ.வி. இல்லாமலேதான் ஓட்டியது, அதை நல்ல விளைச்சலோடு (பழுதில்லாத சிப் கிடைக்கும் விகிதத்தோடு) ஓட்டிக்கொண்டே, சில அடுக்குகளை மட்டும் இ.யூ.வி.-க்கு மாற்றிப் பழகி, பிறகு 5 நானோமீட்டரில் விரிவாக்கியது. இ.யூ.வி.-யை ஆரம்பத்தில் ஒதுக்கியது தவறான முடிவு என்று இன்டெல் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பேட் கெல்சிங்கர் 2024-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் கொள்முதல் துறையின் குற்றம் என்று எதையும் சுட்ட முடியாது. சப்ளையரை வளர்க்கும் முடிவும், அந்த இயந்திரத்தைச் செயல்முறையில் எப்போது நுழைப்பது என்ற முடிவும் வேறு வேறு மேசைகளில் எடுக்கப்பட்டால் இப்படித்தான் ஆகும். சில அடுக்குகளோடு தொடங்கி ஆட்களைப் பழக்கிய டி.எஸ்.எம்.சி.-யின் முறையைக் கவனிக்கவும். 2020 ஆகஸ்டில் தைவானின் தைனானில் இ.யூ.வி. பயிற்சி மையம் ஒன்றை ஏ.எஸ்.எம்.எல். திறந்தது, சர்வீஸ் திறன் வாடிக்கையாளரின் வாசலுக்கே வந்துவிட்டது.

ஏ.எஸ்.எம்.எல்.-இன் இ.யூ.வி. டெலிவரி எண்ணிக்கை 2018-ல் 18, 2019-ல் 26, 2020-ல் 31, 2021-ல் 42 என்று ஏறியது. நடுவில் இரண்டு தீ விபத்துகள். 2018 டிசம்பரில் மின்னணுப் பாகங்கள் செய்யும் ப்ரோட்ரைவ் ஆலையில் தீப்பிடித்ததால் 2019 தொடக்கத்தின் சில டெலிவரிகள் தள்ளின. 2022 ஜனவரி 3 அன்று ஏ.எஸ்.எம்.எல்.-இன் பெர்லின் ஆலையில் தீ. 32,000 சதுர மீட்டர் ஆலையில் எரிந்தது 200 சதுர மீட்டர்தான். ஆனால் அதில் இ.யூ.வி. இயந்திரத்துக்கு வேஃபரைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் செய்யும் பகுதியும் அடங்கும். சப்ளையர் தணிக்கைக்குப் போகும்போது தரக் கோப்புகளோடு நின்றுவிடாமல் தீத்தடுப்புச் சுவர் எங்கே, ஒரே அறையில் மட்டும் நடக்கும் வேலை எது, அந்த அறை போனால் எத்தனை வாரத்தில் வேறிடத்தில் தொடங்கலாம் என்றும் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும்.

அடுத்த இயந்திரம், அதே கேள்விகள்

துளை எண் (ஒளியைத் திரட்டும் கோணத்தின் அளவு, கூடினால் இன்னும் நுண்ணிய கோடு பதியும்) 0.33-லிருந்து 0.55-க்கு உயர்ந்த புதிய தலைமுறையின் முதல் இயந்திரத்தை ஏ.எஸ்.எம்.எல். 2023 டிசம்பரில் இன்டெலுக்கு அனுப்பத் தொடங்கியது. 250-க்கும் மேற்பட்ட பெட்டிகள், 43 சரக்குக் கன்டெய்னர்கள். ஒரிகனின் ஹில்ஸ்பரோ ஆலையில் பொருத்தி முடித்ததாக 2024 ஏப்ரலில் இன்டெல் அறிவித்தது. விலை 350 மில்லியன் யூரோ அளவு. அடுத்த மாதமே டி.எஸ்.எம்.சி. தரப்பு, ஏ16 என்ற தன் அடுத்த தலைமுறைச் செயல்முறைக்கு இது தேவையில்லை, விலையும் பிடிக்கவில்லை என்று சொன்னது.

இந்த முறை விவரக்குறிப்புத் தாளில் கவனிக்க வேண்டிய வரி புல அளவு. பழைய இயந்திரம் ஒரே வீச்சில் 26-க்கு 33 மில்லிமீட்டர் பதிக்கும். புதியது 26-க்கு 16.5 மட்டுமே. பெரிய சிப்பாக இருந்தால் இரண்டு பாதிகளைத் தைப்பதுபோல் ஒட்டிப் பதிக்க வேண்டும், அல்லது வடிவமைப்பையே மாற்ற வேண்டும். பழைய இயந்திரத்தில் இரண்டு முறை பதித்து முடிக்கும் அடுக்கு, புதியதில் ஒரே முறையில் முடியும்போது மிச்சமாகும் முகமூடி, செதுக்கல், சோதனைப் படிகளின் செலவையும், இந்தப் பாதிப் புலத்தால் கூடும் செலவையும் அடுக்கு அடுக்காக எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் 350 மில்லியன் அதிகமா, சரியா என்று தெரியும். இன்டெலின் அட்டவணையில் ஒரு விடையும் டி.எஸ்.எம்.சி.-யின் அட்டவணையில் வேறு விடையும் வந்திருக்கின்றன. இரண்டு நிறுவனங்களின் சிப் அளவும், கையில் ஏற்கெனவே நிற்கும் 0.33 இயந்திரங்களின் எண்ணிக்கையும் ஒன்றாக இல்லை.